கூரையைக் கழற்றினால் சுமை எங்கே போகும்?

ஒரு வண்டியின் ஹார்ட் டாப்பைக் கழற்றிவிட்டு சாஃப்ட் டாப் மாட்டுவது எளிய வேலையா, ஆபத்தான வேலையா என்று கேட்டால், எந்த வண்டி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஜீப் ராங்ளரில் இரண்டு பேர் சேர்ந்து செய்துவிடக்கூடிய அதே வேலை, சாதாரண ஹேட்ச்பேக் கார் ஒன்றில் அந்தக் காரையே பாழாக்கிவிடும். வித்தியாசம் கூரையின் பொருளில் இல்லை, கூரைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையில் இருக்கிறது. மழையையும் வெயிலையும் மறைப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. வண்டியின் உடல் முறுக்கிக்கொள்ளாமல், வளையாமல், கவிழும்போது நசுங்காமல் பிடித்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரியாத வேலை. முதல் வேலையைத் துணி நன்றாகவே செய்யும். இரண்டாவதைத் துணியால் செய்யவே முடியாது. ஆகவே கூரையை மாற்ற நினைப்பவர் விலையையும் நிறத்தையும் விசாரிக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கூரை இதுவரை சுமந்த விசையை இனிமேல் எது சுமக்கும்? அதற்குத் தெளிவான விடை இருக்கும் வண்டியில் மாற்றம் நியாயமானது. விடை இல்லாத வண்டியில் அதைச் செய்யக் கூடாது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்.

அந்த விசை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, அதே நேரம் வலது பின்சக்கரம் மேட்டில் ஏறினால், வண்டியின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் சாயப் பார்க்கும். ஈரத்துணியைப் பிழிவதைப்போன்ற இந்த முறுக்கலைத் தாங்குவதில் மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு நம் உள்ளுணர்வுக்கு எட்டாத அளவு பெரியது. 5 செ.மீ. ஆரமும் 1 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கீறிவிட்டால், முறுக்கலை எதிர்க்கும் அதன் திறன் ஏறத்தாழ 7,500-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மெல்லிய சுவர் கொண்ட உருளைக் குழாய்க்கு இந்த விகிதம், ஆரத்தைத் தடிமனால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கு. ஐம்பதின் வர்க்கம் 2,500, அதன் மும்மடங்கு 7,500. கீறியதால் எஃகின் எடை குறையவில்லை. அறுந்தது விசையின் பாதை. மூடிய குழாயில் விசை சுவரைச் சுற்றி முழு வட்டமாக ஓடுகிறது. கீறல் விழுந்ததும் அந்த ஓட்டம் தடைப்பட்டு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டியதாகிறது. கதவும் கண்ணாடியும் வைத்த கார் முழுமையான குழாய் இல்லைதான். அதனால் இந்தக் கணக்கு காருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் தரை, பக்கச் சுவர்கள், தூண்கள், கூரை ஆகியவை சேர்ந்து மூடிய கூடாக நிற்கும்போது கிடைக்கும் விறைப்பு, மேற்பக்கத்தை வெட்டித் திறந்தவுடன் சரியும் என்ற விதி காருக்கும் பொருந்தும்.

வரலாற்றைப் பார்த்தால், கூரை எப்போதும் இந்தச் சுமையைச் சுமந்ததில்லை. கார்களின் தொடக்க காலத்தில் வண்டியின் முதுகெலும்பு சேஸிதான். அதன்மேல் உட்கார்ந்திருந்த உடற்பகுதி பயணிகளை ஏற்றிக்கொள்ளும் பெட்டி மட்டுமே. மூடிய கார்கள் என்று விற்கப்பட்டவற்றில்கூடக் கூரையின் நடுப்பகுதி பெரும்பாலும் பூச்சுப் பூசிய துணியாகத்தான் இருந்தது. கூரை முழுவதையும் ஒரே தகடாக அழுத்தி எடுக்கும் அளவுக்கு அகலமான எஃகுத் தகடு அன்று எளிதில் கிடைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1935-ஆம் ஆண்டு மாடல்களில் ‘டரட் டாப்’ என்ற பெயரில் ஒரே தகட்டாலான எஃகுக் கூரையைக் கொண்டுவந்தபோது, அதைப் பெரிய புதுமையாக விளம்பரப்படுத்த முடிந்தது. இதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சேஸியைத் தனியாக வைக்காமல் உடற்கூட்டையே சுமை தாங்க வைக்கும் மோனோகாக் முறைக்கு 1934-இல் வந்த சித்ரோயென் டிராக்ஷன் அவான் பரவலான வழி திறந்தது. இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்தபோதுதான் கூரை வெறும் மறைப்பாக இருந்த நிலை மாறி, சுமை தாங்கும் உறுப்பாக ஆனது. இன்று சாலையில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை.

அப்படியானால் மோனோகாக் காருக்குத் துணிக்கூரையே முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் அதை வரைபலகையிலேயே தொடங்க வேண்டும். 1922-இல் அறிமுகமான லான்சியா லாம்ப்டா, உடற்கூடே சுமை தாங்கும் கார்களின் முன்னோடி. அது திறந்த கார்தான். கூரை தராத விறைப்பை அதன் ஆழமான பக்கச் சுவர்கள் தந்தன. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் திறந்த வடிவத்தை 1949 முதல் 1980 வரை ஜெர்மனியின் ஒஸ்னாப்ரூக் நகரில் கார்மன் நிறுவனம் தயாரித்தது. 3,30,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அங்கே எஃகுக் கூரையை அறுத்துத் துணியைப் போர்த்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சட்டங்களையும் உடலின் பிற பகுதிகளையும் கூடுதல் எஃகால் பலப்படுத்தினார்கள். அதனால்தான் மூடிய காரைவிடத் திறந்த கார் எடை கூடியதாக இருந்தது. எடையைக் குறைக்கத் துணி போட்டார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கூரை விட்டுச்சென்ற சுமையைத் தரையும் பக்கச் சட்டங்களும் ஏற்க வேண்டியிருந்ததற்கான விலைதான் அந்தக் கூடுதல் எடை. இவ்வளவு செய்த பிறகும் திறந்த கார்களில் கரடுமுரடான சாலையில் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்குவது, பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் சிக்கல். நிலைமை இப்படியிருக்க, டிங்கரிங் பட்டறையில் கிரைண்டரால் கூரையை அறுத்து, கீழே ஓரிரு சட்டங்களை வெல்டிங் செய்துவிட்டால் போதும் என்பது பொறியியலுக்கு முற்றிலும் புறம்பானது. முதலில் கதவு சரியாக மூடாமல் போகும். பிறகு தூண் மூலைகளில் பெயின்ட் வெடிக்கும். மோதல் நேர்ந்தால், எந்தப் பாதையில் விசை போக வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் கணக்கிட்டார்களோ அந்தப் பாதையே அங்கே இருக்காது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ஜீப் மரபு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்குப் பிறக்கும்போதே கித்தான் கூரைதான். ஏணிபோல் இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட சேஸி முழுச் சுமையையும் தாங்கியது. கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியின் விறைப்பில் பெரிய மாற்றம் கிடையாது. இன்றைய ராங்ளரும் அதே ஏணிச் சேஸியின்மேல்தான் நிற்கிறது. இருக்கைகளுக்கு மேலே உடற்பகுதியோடு பிணைந்த எஃகுக் குழாய்ச் சட்டம் ஒன்று தலைக்கு மேல் ஓடுகிறது. அதன் ஹார்ட் டாப் எஃகு அல்ல. இழை கலந்த பிளாஸ்டிக்கில் வார்த்த மூடி. முன் இருக்கைகளுக்கு மேலே கழற்றக்கூடிய இரண்டு பலகைகள், பின்னால் ஒரே துண்டாக ஒரு பெரிய கூடு. பலகைகளின் லாக்குகளைத் திறந்து, பின்கூட்டைப் பிடித்திருக்கும் டார்க்ஸ் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் அது தனியாக வந்துவிடும். ஆனால் தூக்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகளுக்கும் வைப்பருக்கும் மின்சாரம் போகும் இணைப்பையும், கண்ணாடி கழுவும் நீர்க்குழாயையும் முதலில் பிரிக்க வேண்டும். மறந்துவிட்டுத் தூக்கினால் இணைப்பு பிய்ந்துகொண்டு வரும்.

மாற்றுவது என்றால் ஒரு மூடியை எடுத்து இன்னொரு மூடியை வைப்பது என்று நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இதற்கு அடுத்துதான் வருகிறது. ஹார்ட் டாப் உள்ள ராங்ளரில் கதவின் மேல்விளிம்பு அழுந்தி மூடும் ரப்பர் பீடிங், அந்த ஹார்ட் டாப்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றியதும் கதவின் மேல்விளிம்புக்கு அழுந்த இடமில்லாமல் போகிறது. ஆகவே சாஃப்ட் டாப்புக்கென்று கதவைச் சுற்றித் தனிச் சட்டங்கள் வாங்கிப் பொருத்த வேண்டும். துணியின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் பட்டிகள், பின்கதவுக்கு மேலே துணி செருகும் கம்பி, முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் கொக்கிகள், துணியைத் தாங்கும் வளைகம்பிகள் எல்லாம் அந்தந்த மாடலுக்கும் கதவு எண்ணிக்கைக்கும் பொருந்தி வர வேண்டும். ஹார்ட் டாப் மறைப்பதோடு நிற்காமல் கதவுக்குச் சட்டமாகவும் பின்கண்ணாடிக்குத் தாங்கியாகவும் இருந்தது என்பதும், அந்தச் சிறு வேலைகளுக்கும் புதிய ஆள் தேவை என்பதும் இதிலிருந்து புரியும். பெரிய சுமைக்குச் சேஸியும் எஃகுச் சட்டமும் விடை சொல்கின்றன. சிறிய வேலைகளுக்கு இந்த உதிரிகள் விடை சொல்கின்றன. அதனால்தான் ராங்ளரில் இந்த மாற்றம் நியாயமாகிறது.

இங்கே மிக வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். வண்டி கவிழ்ந்தால் துணி காப்பாற்றுமா? காப்பாற்றாது. சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் 1973 முதல் நடைமுறையில் உள்ள கூரை வலிமைத் தரம், பயணிகள் காரின் கூரை காரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்றது. 2009-இல் அது திருத்தப்பட்டு, 2,722 கிலோ வரையிலான வண்டிகளுக்கு மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. கன்வர்ட்டிபிள் கார்களுக்கு இந்தத் தரத்திலிருந்து விலக்கு உண்டு. துணியிடம் அந்த வலிமையை எதிர்பார்க்க முடியாது என்பது அந்த விலக்கின் பொருள். துணிக்கூரையும் துணிக்கதவும் வெயில் மழையிலிருந்து மட்டுமே காக்கும், விபத்தில் பயணியை உள்ளே நிறுத்திவைக்கும் என்று நம்பக் கூடாது என்று ராங்ளரின் பயன்பாட்டுக் கையேடும் எச்சரிக்கிறது. ஆனால் இந்த ஆட்சேபத்துக்குள் ஒரு தவறான ஊகம் ஒளிந்திருக்கிறது. கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மூடி, எஃகுக் கூரைக்குச் சமமான காப்பு என்பதே அது. சில போல்ட்டுகளிலும் லாக்குகளிலும் நிற்கும் மூடி, கவிழும் வண்டியின் எடையைத் தாங்க வடிவமைத்த உறுப்பு இல்லை. அந்த வேலை தலைக்கு மேலுள்ள எஃகுச் சட்டத்துடையது. கூரையை மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். அதே நேரம் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கவிழும் விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வெளியே தூக்கி வீசப்படுவதுதான். கை கால்கள் வெளியே போகாமல் ஹார்ட் டாப் ஓரளவாவது தடுக்கும். துணி அதைக்கூடச் செய்யாது. ஆகவே சாஃப்ட் டாப் வண்டியில் பின் இருக்கை உட்பட எல்லாரும் சீட் பெல்ட் அணிவது கட்டாயம். அந்த எஃகுச் சட்டத்தை அழகுக்காக அறுப்பதும் துளையிடுவதும் கூடவே கூடாது.

பாதுகாப்புக் கணக்கில் துணியின் பக்கம் வைக்க வேண்டிய எடையும் உண்டு. கூரை, வண்டியின் மிக உயரமான இடத்தில் இருக்கும் சுமை. 1,900 கிலோ எடையும் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1.7 மீட்டர் உயரத்தில் 40 கிலோ குறைந்தால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 2 செ.மீ. கீழே இறங்கும். வண்டி கவிழும் தன்மை, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தின் பாதிக்கும் ஈர்ப்பு மைய உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதால், நிலைத்தன்மை மூன்று சதவீதம் அளவுக்குக் கூடும். இது சிறிய ஆதாயம்தான். இதை நம்பி வளைவில் வேகம் கூட்டக் கூடாது. ஆனால் கூரையை மாற்றுவது பாதுகாப்பை ஒரே திசையில் மட்டும் நகர்த்துகிறது என்பது சரியில்லை என்று காட்ட இது போதும்.

துணி மாட்டிய பிறகு அது எதிர்கொள்ளும் முதல் எதிரி காற்று. முன்கண்ணாடியில் மோதி மேலேறும் காற்று கூரையின் முன்விளிம்பைத் தாண்டும்போது வேகம் கூடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. வண்டிக்குள்ளே அழுத்தம் ஏறக்குறைய இயல்பாக இருப்பதால் துணி உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டு உப்புகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றின் மோதல் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். அதில் பாதியளவு அழுத்தக் குறைவு 2 சதுர மீட்டர் கூரைமேல் நிலவினால்கூட, துணியை மேலே இழுக்கும் விசை 460 நியூட்டன், அதாவது 47 கிலோ எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஆகவே சாஃப்ட் டாப்பின் தரத்தைத் தீர்மானிப்பதில் துணியின் வலிமைக்குச் சமமான பங்கு அதன் இறுக்கத்துக்கு உண்டு. வளைகம்பிகளுக்கு இடையே தொய்வில்லாமல் இறுகி நிற்கும் துணி அதிராது. தொய்ந்த துணி படபடக்கும். படபடக்கும் துணி தையலில் கிழியும். முன்கண்ணாடி விளிம்பில் கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பார்ப்பது இதனால்தான் அவசியம்.

இரண்டாவது ஆட்சேபம் இரைச்சல். இது உண்மையான குறை, காரணமும் தெளிவானது. தடுப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எவ்வளவு எடை என்பதுதான் ஒலியைத் தடுக்கும் திறனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எடை இருமடங்கானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ எடையுள்ள துணியையும் ஐந்து கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் மூடியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 14 டெசிபல். நெடுஞ்சாலையில் பேச்சுக் குரலை உயர்த்தவைக்கும் வித்தியாசம் இது. ஒற்றை அடுக்குத் துணியை மாட்டிவிட்டு மூடிய காரின் அமைதியை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் உறுதி. ஆனால் எடையைக் கூட்டாமலே ஒலியைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது: அடுக்குகளைப் பிரித்து, நடுவே ஒலியை உறிஞ்சும் பஞ்சுப் பாயை வைப்பது. மூன்றடுக்குத் துணிக்கூரைகள் இந்த வழியில்தான் செய்யப்படுகின்றன.

மழை மூன்றாவது சோதனை. நெய்த துணியைவிட அதன் தையல்தான் ஒழுகும் இடம். ஊசி நுழைந்த ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஓட்டை. இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. பாலியெஸ்டர் இழையின்மேல் பருத்தி சுற்றிய நூலால் தைக்கிறார்கள். பாலியெஸ்டர் வலிமை தருகிறது. பருத்தி ஈரம் பட்டதும் உப்பி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. வெயிலைப் பொறுத்தவரை, நெகிழ்வுக்காகச் சேர்த்த வேதிப்பொருள் ஆண்டுக்கணக்கில் வெளியேறுவதால் வினைல் பூச்சு விறைத்து வெடிக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளித்து மங்கும். நெய்த அக்ரிலிக் துணி புறஊதாக் கதிரை இதைவிட நன்றாகத் தாங்குகிறது. ஈரமாக மடித்து வைத்தால் எந்தத் துணியும் பூஞ்சை பிடிக்கும். ஹார்ட் டாப்பை வருடக்கணக்கில் மறந்துவிடலாம், துணியைப் பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

இவ்வளவு குறை இருந்தால் துணி பின்னடைவு அல்லவா என்று கேட்பவர்களுக்குப் பெரிய நிறுவனங்களின் அண்மைக்கால முடிவுகளே பதில். மடிந்து டிக்கிக்குள் போகும் கடினக் கூரை 1930-களிலேயே பிரான்சில் பியூஜோ கார்களில் வந்துவிட்டது. 1957-இல் ஃபோர்டு ஸ்கைலைனரிலும், 1996-இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. காரிலும் அது புதுவடிவம் எடுத்தது. எதிர்காலம் அதுதான் என்று பலரும் நம்பினார்கள். பி.எம்.டபிள்யூ. தன் இசட்4 காரை 2009-இல் கடினக் கூரைக்கு மாற்றியது. 2018-இல் வந்த அடுத்த தலைமுறையில் துணிக்குத் திரும்பியது. மெர்சிடிஸ் எஸ்.எல். காரும் இரண்டு தலைமுறை கடினக் கூரைக்குப் பிறகு 2021-இல் துணிக்கு வந்தது. கூரை மட்டும் 21 கிலோ குறைந்தது. இரு துணி அடுக்குகளுக்கு நடுவே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஒலித்தடுப்புப் பாய் இருக்கிறது. மடித்தால் துணி குறைந்த இடத்தையே பிடிக்கும் என்பதால் டிக்கியும் மிச்சமானது. அந்தக் கார்களில் கூரையின் சுமை ஏற்கெனவே அடிக்கூட்டுக்கு மாற்றப்பட்டிருந்தது. எனவே மேலே எந்த மூடியை வைப்பது என்பது எடை, இடம், ஒலி பற்றிய தேர்வாகச் சுருங்கியது. சுமைக்கு விடை கிடைத்த வண்டியில் துணி பின்னடைவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டப் பக்கமும் உண்டு. இந்திய விடுதலைக்குப் பின் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்த மகிந்திரா, 2020-இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை தார் வண்டியை ஏணிச் சேஸியின்மேல், ரோல் கேஜ் எனப்படும் எஃகுச் சட்டத்துடன், துணிக்கூரையிலும் கடினக் கூரையிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொறியியல்படி இங்கே மாற்றத்துக்கு இடமிருப்பதுபோல் தோன்றும். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. தடை சிலருக்கு எரிச்சலூட்டலாம். ஆயினும் அதன் அடிப்படை இந்த அத்தியாயம் சொல்லிவந்ததுதான்: விசை எந்தப் பாதையில் போகிறது என்பது வண்டியை வடிவமைத்துச் சோதித்தவருக்குத் தெரியும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

எனவே துணிக்கூரை வேண்டும் என்று விரும்புகிறவர் வாங்கும்போதே துணிக்கூரை வண்டியை வாங்குவதுதான் சிறந்த வழி. பிறகு மாற்றத்தான் வேண்டுமென்றால், தனிச் சேஸியும் தலைக்கு மேல் எஃகுச் சட்டமும் உள்ள வண்டியில், தயாரிப்பாளர் அதே மாடலுக்கென்று செய்த கூரையையும் உதிரிகளையும் முழுத் தொகுப்பாக வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூரையை அறுத்தால்தான் துணி மாட்ட முடியும் என்று ஒரு பட்டறை சொன்னால், அந்த வண்டியின் கூரை சுமை தாங்குகிறது என்று பொருள். அதை அறுக்க விடாதீர்கள்.